ஓட்டப் போவது யார்

இசோஸே
2007 செப்டம்பர் 24

மினோரி அப்பாவுக்கு,

இங்கே பகலில் வெயில் இன்னும் விடவில்லை. ஆனால் காலையில் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் கையில் மயிர் சிலிர்க்கிறது. ஹகோதாதேயில் இதற்குள் கம்பளியை எடுத்திருப்பீர்கள். இருமல் தேவலையா? சிமெண்டுத் தூசிக்குள் முகமூடி இல்லாமல் நடக்காதீர்கள். நான் சுகமாக இருக்கிறேன். மினோரியும் சுகம் என்று ஒஸாகாவிலிருந்து செல்பேசியில் ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தாள்.

ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் ஃபோனில் நாம் இருவரும் "ம், சரி, வேற?" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். கடிதத்தில்தான் நமக்குப் பேச வருகிறது.

பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள். மார்ச் கடைசியோடு கடலோர வழி முழுவதும் ரத்தாம். நிறுத்தத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. வழக்கமாக ஏறும் நாங்கள் மூன்று பேரும் நின்று படித்தோம். "மூணு பேருக்காக எவன் டீசல் ஊத்துவான்? இத்தனை நாள் ஓட்டினதே பெருசு" என்றார் ஒருவர். பிறகு அதே பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனோம்.

பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு செய்யும் எங்கள் சமையற்கூடம் பதினொரு கிலோமீட்டர். ஏழு மணிக்கு நான் அங்கே இருந்தாக வேண்டும். சைக்கிளில் அந்தச் சுரங்கப் பாதையைக் கடக்க எனக்குத் தைரியமில்லை. ஆக, ஒரு கார் வாங்க வேண்டும். பழையதாக, சிறியதாக, தினமும் போய்வர ஒன்று. கல்லூரியில் வாங்கிய லைசென்ஸைப் புதுப்பித்தே வைத்திருக்கிறேன், வண்டியைத் தொட்டதில்லை என்பதுதான் குறை.

எது வாங்குவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மார்ச்சோடு அங்கே உங்களுடைய இரண்டாவது மூன்றாண்டுப் பணிக்காலமும் முடிகிறது. ஏப்ரலிலிருந்து எப்படியும் நீங்கள்தானே ஓட்டப் போகிறீர்கள்? உங்கள் முழங்கால் இடிக்காத வண்டியாகச் சொல்லுங்கள்.

ஊறுகாய் முள்ளங்கி அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்சுமி

*

ஹகோதாதே
2007 அக்டோபர் 8

முத்சுமிக்கு,

முள்ளங்கி வந்து சேர்ந்தது. பாதி தீர்ந்தும்விட்டது. இங்கே காலையில் மூச்சு புகையாகத் தெரிகிறது. கணவாய் மீன் விற்கிற வண்டிக்காரனின் குரல் நான் சவரம் செய்யும் நேரத்துக்குச் சரியாக வருகிறது. இருமல் போய்விட்டது. உன் தோள்வலி எப்படி?

காரைப் பற்றி. மஞ்சள் நம்பர் பலகை மாட்டிய குட்டி வண்டி உனக்குத் தாராளம். அறுநூற்று அறுபது சிசி எஞ்சின் பதினொரு கிலோமீட்டரை ஒரு பொருட்டாகவே நினைக்காது. புதிது வேண்டாம். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதைவிட யார் ஓட்டியது என்று கேள். மீன் ஏற்றிய வண்டி என்றால் எவ்வளவு துடைத்திருந்தாலும் வாங்காதே. இப்போது வாடை இருக்காது, ஜூன் மழையில் திரும்பி வரும். கீழே குனிந்து துரு இருக்கிறதா என்று பார். நம் ஊர்க் காற்றில் வண்டி அடியிலிருந்துதான் சாகும். எஞ்சின் எண்ணெய் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பார். தயிர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டர் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் நம்பாதே. காலி இடத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல். 'டக் டக்' என்றால் அச்சில் கோளாறு.

கொட்டகையை அளந்து எழுது. கதவைத் திறக்க இடம் வேண்டும், அதையும் சேர்த்து.

தனபே பட்டறைக்குப் போ. அவர் ஏமாற்ற மாட்டார், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

இரவில் கால் சில்லிடாமல் பார்த்துக்கொள்.

நொரிஹிகோ

*

இசோஸே
2007 அக்டோபர் 29

மினோரி அப்பாவுக்கு,

சீமைப்பனிச்சை மரம் இந்த ஆண்டு கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. பறித்துத் தோலுரித்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். தோளும் இப்போது அவ்வளவாக வலிப்பதில்லை. நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போய் எத்தனை வருடமாயிற்று! அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் தனபேயிடம் போனேன். மூன்று வண்டி காட்டினார். வெள்ளிநிற வண்டியைத் திறந்ததுமே மூக்கு சொல்லிவிட்டது, மீன். கதவை மூடிவிட்டேன். மீதி இரண்டு. ஒன்று வெள்ளை, கூரை தாழ்ந்தது, ஓர் ஆசிரியை ஓட்டியது, நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர். மற்றொன்று வெண்ணெய் நிறம், டப்பா மாதிரி உயரமானது, மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி ஓட்டியது, அறுபத்தெட்டாயிரம்.

நான் எண்ணெய் மூடியைத் திருகினேன். தனபே துணியால் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"ஹகோதாதேயிலேர்ந்து கடுதாசி வந்துது."

"நாப்பது வருஷமா வண்டி விக்கிறேன். கடுதாசியப் பாத்து வண்டி பாக்கற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்கறேன். மிதி ரப்பரையும் பாக்கச் சொல்லியிருப்பாரே?"

"சொல்லியிருக்கார்."

"பாருங்க, பாருங்க. அவரு இங்க இருக்கறப்பவும் இப்படித்தான், ஒரு ஆணி வாங்க வந்தா ஒரு மணி நேரம். சரி, யாரு ஓட்டப் போறா?"

"இப்ப நான். ஏப்ரல்லேர்ந்து அவர்."

"அவரு எவ்வளவு உயரம்?"

"நூத்தி எண்பத்துமூணு."

"அது சரி. மின்கம்பத்த மடிச்சுத்தான் வெள்ளை வண்டிக்குள்ள வைக்கணும்."

இரண்டிலும் மூடி சுத்தமாக இருந்தது. துருவும் பெரிதாக இல்லை. கொட்டகை இரண்டு மீட்டர் பத்து அகலம், நாலரை மீட்டர் நீளம், எதுவானாலும் கதவு திறக்கும். எது என்று சொல்லுங்கள். சமையற்கூடத்தில் ஸுமிஎ அக்காவிடம், "அவர் எழுதட்டும், அப்புறம் வாங்கறேன்" என்றேன். "ஏண்டி, வண்டிக்கும் அவருக்குமா கல்யாணம்? ஓட்டறவ நீ" என்றாள். நானூற்று முப்பது பேருக்கான பூசணிக்காயை வெட்டிக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சளி பிடிக்காமல் இருங்கள்.

முத்சுமி

*

ஹகோதாதே
2007 நவம்பர் 30

முத்சுமிக்கு,

பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது. சூளையில் பழுது, ஆள் குறைவு. பனி இரண்டு முறை கொட்டிக் கரைந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

வெள்ளையை வாங்கு. ஓடிய தூரம் குறைவு. கூரை தாழ்வாக இருப்பதும் நல்லதுதான். சுரங்கப் பாதையிலிருந்து வெளியே வந்ததும் கடலிலிருந்து பக்கவாட்டில் ஒரு காற்று அடிக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதே உயரமான வண்டியைத் தள்ளிவிடும். புதிதாக ஓட்டுகிறவளுக்கு அது ஆபத்து. கியர் போடத் தேவையில்லாத வண்டிதானே? அது முக்கியம்.

அந்த வண்டி உனக்குச் சரியாக இருக்கும்.

குளிர் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டுப் படு.

நொரிஹிகோ

*

இசோஸே
2007 டிசம்பர் 9

மினோரி அப்பாவுக்கு,

காயவைத்த பழங்களின்மேல் சர்க்கரை பூத்துவிட்டது. இத்துடன் பத்து அனுப்புகிறேன். வேலை அதிகமென்று எழுதியிருந்தீர்கள், முகத்தைப் பார்க்காமல் எவ்வளவு களைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

வெள்ளை வண்டியில் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். என் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை அகலம்தான். நீங்கள் உட்கார்ந்தால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். இதை எப்படி மறந்தீர்கள்? கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "உனக்கு" என்றுதான் எழுதியிருக்கிறது. வேலைக் களைப்பில் எழுதியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். தனபேயிடம் புத்தாண்டு வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் ஓட்டப் பழகுகிறேன். என்னைப் போல லைசென்ஸை டப்பாவில் போட்டு வைத்தவர்களுக்கென்றே பயிற்சிப் பள்ளியில் ஒரு வகுப்பு. நகாயி என்ற பையன்தான் வாத்தியார், மினோரியைவிட ஐந்தாறு வயது பெரியவன் இருப்பான். என் லைசென்ஸைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான்.

"தங்கக் கோடு போட்டது! எத்தனை வருஷமா ஒரு தப்பும் பண்ணல?"

"இருபத்தாறு வருஷமா."

"கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"அதுவும் இருபத்தாறு வருஷம் முன்னாலதான்."

"அப்ப இந்த மாவட்டத்துலயே பத்திரமான டிரைவர் நீங்கதான் மேடம். தயவுசெஞ்சு இன்னிக்கு அதக் கெடுத்துறாதீங்க."

பின்பக்கமாகப் போய் நிறுத்துவதற்குள் ஒரு கம்பத்தைச் சாய்த்தேன். பிளாஸ்டிக் கம்பம்தான்.

கம்பெனியின் மாற்றல் உத்தரவு பிப்ரவரியில்தான் வரும், எனக்குத் தெரியும். ஆனாலும் முன்னதாகவே பேச்சு அடிபடுமே? ஏதாவது காதில் விழுந்ததா? உங்கள் அறையில் ஏணியும் பழைய மடக்கு மேசையும் அடைந்து கிடக்கின்றன. ஒழித்துவைக்க ஒரு மாதமாவது வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

பனியில் வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

முத்சுமி

*

இசோஸே
2008 ஜனவரி 14

மினோரி அப்பாவுக்கு,

புது ஆண்டு உங்களுக்கு நோயில்லாத ஆண்டாக இருக்கட்டும். வர முடியவில்லை என்று நீங்கள் ஃபோனில் சொன்ன பிறகு மினோரியும் இரண்டே நாளில் கிளம்பிவிட்டாள். அரிசிப் பணியாரத்தைப் பழக்கத்தில் மூன்று பேருக்குச் செய்துவிட்டு நான்கு நாள் சாப்பிட்டேன். டிசம்பர்க் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, பழங்கள் வந்து சேர்ந்தனவா?

வண்டியை வாங்கிவிட்டேன். வெண்ணெய் நிற வண்டி, உயரமானது. நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்று கோபப்படாதீர்கள். காற்றைப் பற்றிச் சொன்னது மனதில் இருக்கிறது, மெதுவாகப் போவேன். ஆனால் ஏப்ரலில் உங்களைக் கூனிக்கொண்டு ஓட்டவிட என்னால் முடியாது. முன்னும் பின்னும் கற்றுக்குட்டி என்று காட்டும் பச்சையும் மஞ்சளுமான இலைச் சின்னத்தை ஒட்டியிருக்கிறேன். என் வயதில் அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா கையால் வாயை மூடிக்கொண்டாள்.

நேற்று கொட்டகையிலேயே வண்டிக்குள் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றேன். சும்மாதான். மழை கூரையில் விழும் சத்தம் வீட்டைவிட அதற்குள் நெருக்கமாகக் கேட்கிறது. யாரோ பக்கத்தில் ஏதோ செய்துகொண்டிருப்பது போல.

காப்பீட்டுக்குக் குரோதா என்ற பெண் வந்தாள். படிவத்தில் ஒரு கேள்வி, ஓட்டப் போவது யார் என்று. நீங்கள் மட்டும், கணவன் மனைவி, குடும்பம், யாராக இருந்தாலும் என்று நான்கு கட்டம். "உங்க வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரா? இருந்தா என்னம்மா, எங்க இருந்தாலும் கணவன் கணவன்தானே" என்று இரண்டாவது கட்டத்துக்கு மேலே பேனாவை வைத்துக்கொண்டாள். ஆமாம் என்றேன். கையெழுத்துக்குப் பதில் வைக்க வேண்டிய என் முத்திரை பீரோவில் எங்கோ இருந்தது, உடனே கிடைக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாள்.

வெந்நீரில் கால் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

முத்சுமி

*

ஹகோதாதே
2008 ஜனவரி 17
(விரைவுத் தபால்)

முத்சுமிக்கு,

வணக்கம். நலம்.

காப்பீட்டில் "நீங்கள் மட்டும்" என்ற கட்டத்தில் குறியிடு. கட்டணம் குறையும். நான் ஓட்டப் போவதில்லை. இல்லாத ஆளுக்காக வருடா வருடம் கட்டுவது வீண்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்க வேண்டுமென்று இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பழங்கள் வந்தன.

நொரிஹிகோ

*

இசோஸே
2008 ஜனவரி 21

மினோரி அப்பாவுக்கு,

இந்த முறை பருவத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் கேட்காமல் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன கட்டத்திலேயே முத்திரை வைத்தேன். குரோதா இரண்டு தடவை கேட்டாள், "நெஜமாவாம்மா?" என்று. கட்டணம் குறையும் என்றேன். "அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லையே" என்று கணக்குப் பொறியைத் தட்டிக் காட்டினாள். அவள் சொன்னது சரிதான். மாதத்துக்கு இரண்டு கட்டி டோஃபு வாங்கலாம்.

நீங்கள் போய் ஆறு வருடம் ஆகப் போகிறது. இதற்குள் மூன்று நாளில் உங்களிடமிருந்து வந்த முதல் பதில் இது.

ஏப்ரலில் வருகிறீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். காரைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

முத்சுமி

*

ஹகோதாதே
2008 பிப்ரவரி 27

முத்சுமிக்கு,

குளிரின் நடுவே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வரவில்லை. செப்டம்பர் பதினைந்தாம் தேதி மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். ஏப்ரலில் ஊர்ப்பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகிறீர்களா, இன்னும் மூன்றாண்டு இங்கேயே இருக்கிறீர்களா என்று. இருக்கிறேன் என்று நானே எழுதிக் கொடுத்தேன். கம்பெனி வற்புறுத்தவில்லை. ஒன்பது நாள் கழித்து நீ காரைப் பற்றி எழுதினாய். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது நான் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது. கார் பற்றி எழுதும்வரை வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

வேறு யாரும் இல்லை. நீ நினைத்திருப்பாய். அப்படி ஒருத்தி இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

போன புத்தாண்டுக்கு முந்தைய புத்தாண்டு. நான் வந்தபோது வாசலில் விருந்தாளிகளுக்கான வீட்டுச் செருப்பை வைத்திருந்தாய். பழுப்புத் தோல், உள்ளே புது அட்டை. அதை மாட்டிக்கொண்டு உள்ளே கால் வைக்கும்போது, "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டியவன், வேறொருவர் வீட்டுக்குள் நுழைகிறவன் சொல்வது போல, "தொந்தரவு குடுக்கறேன்" என்றேன். தானாக வந்துவிட்டது. சமையலறையிலிருந்து நீ, "வாங்க, வாங்க" என்றாய், கடைக்கு வருகிறவரைச் சொல்வது போல. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழுந்தது. நான் கையைக் கழுவப் போனேன்.

அந்த நான்கு நாளும் எந்த அலமாரியைத் திறந்தாலும் உன்னைக் கேட்டுக்கொண்டே திறந்தேன். இங்கே என் அறை ஆறு பாய் அகலம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உப்பை எடுப்பேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு வீட்டுக்குள் புதிதாகக் குடிபோக எனக்குப் பயமாக இருந்தது. அது என் சொந்த வீடாக இருந்ததால் இன்னும் பயம்.

சொல்லாமல் இருந்தது தப்பு. மன்னிப்புக் கேட்கிறேன்.

நொரிஹிகோ

*

இசோஸே
2008 ஏப்ரல் 13

நொரிஹிகோ அவர்களுக்கு,

செர்ரிப் பூக்கள் ஒரே மழையில் கொட்டிவிட்டன. நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரமாயிற்று. எழுத உட்காரும்போதெல்லாம் கோபமான வாக்கியங்கள் நன்றாக வந்தன. நன்றாக வந்ததாலேயே கிழித்தேன்.

அந்தப் புத்தாண்டுக்கு முந்தின நாள் உங்கள் செருப்பைத் துவைத்தேன். ஒரு வருடம் பெட்டிக்குள் இருந்து பூஞ்சை பிடித்திருந்தது. நீங்கள் வரும்போது அது குளியலறைக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்தது. அன்று வெயிலே இல்லை. ஈரச் செருப்பைப் போடச் சொல்ல மனமில்லாமல் விருந்தாளிச் செருப்பை வைத்தேன். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் "வாங்க, வாங்க" என்று நான் சொன்னதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. அது எனக்கும் தானாகத்தான் வந்தது. மிசோ கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், வெளியே வந்து சிரித்திருக்கலாம். வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு உப்பை எடுக்குமளவு தனியாக இருக்கப் பழகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நானும் பழகினேன். ஆனால் நீங்கள் வருவீர்கள் என்பதற்குள் இருந்துகொண்டு பழகினேன். இப்போது அதே வீடு, அதே சாப்பாட்டு நேரம், வேறொரு தனிமை. இதைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி கடைசி பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் போனோம். ஓட்டுநர் எழுந்து தொப்பியைக் கழற்றி வணங்கினார். மறுநாள் ஐந்தரைக்கே கிளம்பினேன். சுரங்கப் பாதை முடிந்ததும் காற்று அடித்தது, வண்டி ஒரு அடி இடப்பக்கம் போனது. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. கையை இறுக்கிப் பிடித்து நேராக்கினேன். சமையற்கூடத்து வாசலில் ஸுமிஎ அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பதினோரு கிலோமீட்டருக்கு அம்பது நிமிஷமா? நடந்தே வந்திருக்கலாமேடி" என்றாள். பின்னால் எத்தனை வண்டி வரிசையில் வந்தன என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

இப்போது இருபத்திரண்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் போக இடமில்லாமலும் போகிறேன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே வண்டி நிறுத்த இடமிருக்கிறது. அங்கே நிறுத்தி, கட்டிக்கொண்டு போன சோற்று உருண்டையைத் தின்றுவிட்டுத் திரும்புகிறேன். அங்கே இன்னும் நாலைந்து வண்டிகள் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். யாரும் இறங்குவதில்லை.

மூன்றாண்டு இருங்கள். மினோரியிடம் நீங்களே சொல்லுங்கள். உங்கள் அறையை ஒழித்துவிட்டேன், மார்ச் தொடக்கத்தில் கை தானாக ஆரம்பித்துவிட்டது, பாதியில் நிறுத்தத் தெரியவில்லை.

நல்ல பசியோடு சாப்பிடுங்கள்.

முத்சுமி

*

ஹகோதாதே
2008 ஜூலை 2

முத்சுமிக்கு,

உங்கள் பக்கம் மழைக்காலம் முடிந்திருக்காது. துணி காயாமல் சிரமப்படுவாய். எனக்குக் கொஞ்சம் ரத்த அழுத்தம் என்றார்கள். உப்பைக் குறைத்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தை ஏப்ரலிலிருந்து எழுதுகிறேன். செருப்பு காய்ந்துகொண்டிருந்தது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று தொழிற்சாலையில் ஒரே அளவுமானியை மூன்று தடவை படித்தேன், மூன்றும் வேறு வேறாக எழுதினேன். இளைய பொறியாளன் ஒருவன், "மகிதா சார், இன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போங்க" என்றான். எந்த வீட்டுக்கு என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

ஆகஸ்டில் முன்னோர் வழிபாட்டு விடுமுறைக்கு வரலாமா? பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை. நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்துவிடுகிறேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். அடித்த கோட்டுக்கு அடியில் தெரியும்.

இன்னொன்று. நீ வண்டி வாங்கி ஆறு மாதமாகிறது. எப்படி ஓடுகிறது என்று நான் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. அதை ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. காப்பீட்டில் அந்த நான்கு நாளைக்கு மட்டும் என்னையும் சேர்க்க முடியுமா? அதற்கான பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன்.

முடியாதென்றாலும் சரி.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

நொரிஹிகோ

*

இசோஸே
2008 ஜூலை 9

நொரிஹிகோ அவர்களுக்கு,

இன்று காலையில் இந்த ஆண்டின் முதல் சிள்வண்டு கத்தியது. ரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தார்களா, இல்லையா? அதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். மருந்துச் சீட்டைப் பிரதி எடுத்து அனுப்புங்கள். இங்கே மழை இன்னும் விடவில்லை, மற்றபடி சுகம்.

வாருங்கள். கேட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

காப்பீட்டுக்காரக் குரோதாவுக்கு ஃபோன் செய்தேன். "ஒண்ணுமில்லம்மா, இந்த ஃபோனே போதும், நாளைக்கே 'கணவன் மனைவி'ன்னு மாத்திடலாம். அவர் போனதும் மறுபடி ஒரு ஃபோன் பண்ணுங்க, எடுத்துடறேன்" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் சொல்லவில்லை. சமையற்கூடத்துக்குப் போகும் இருபத்திரண்டு நிமிடமும் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். மூன்றாம் நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கோபத்தில் இல்லை. உங்களைச் சேர்க்கச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் பதினாறாம் தேதி உங்களை ரயிலேற்றிவிட்டு வந்து, மறுநாள் நானே ஃபோனை எடுத்து, அவரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். அதை என்னால் செய்ய முடியாது. ஒருமுறை முத்திரை வைத்ததே போதும். என்றைக்காவது எடுக்கத் தேவையில்லாதபடி வருவதானால் எழுதுங்கள், அன்றைக்கே மாற்றுகிறேன்.

வண்டி நன்றாக ஓடுகிறது. மேட்டில் கொஞ்சம் முனகும். பிரேக் மிதி ரப்பர் என் காலுக்குத் தேயத் தொடங்கியிருக்கிறது.

பதின்மூன்றாம் தேதி நாலே காலுக்கு ரயில் வருகிறது. நிலையத்துக்கு வெளியே டாக்ஸிகள் நிற்கும் வரிசையைத் தாண்டி, சைக்கிள் கொட்டகைப் பக்கம் நிறுத்தியிருப்பேன். நான் இறங்கி வர மாட்டேன், அங்கே அதிக நேரம் நிறுத்தவிட மாட்டார்கள். பையைப் பின்னால் போட்டுவிட்டு இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறுங்கள். வலப்பக்கம் போகாதீர்கள். வளைவுகளில் பயமாக இருந்தால் ஜன்னலுக்கு மேலே கைப்பிடி இருக்கிறது.

முத்சுமி